"கேஸ் பிரஷரே இல்லீங்க": புகார் வாரியாகப் பிழை பார்க்கும் முறை

சேலம் கொண்டலாம்பட்டியிலிருந்து ஏற்காடு ஒண்டிக்கடை வரைக்கும் எந்த வீட்டிலிருந்து போன் வந்தாலும் முதல் வாக்கியம் ஒன்றுதான்: "கேஸ் பிரஷரே இல்லீங்க." தீ சின்னதாக இருந்தாலும் பிரஷர் இல்லை, மஞ்சளாக இருந்தாலும் பிரஷர் இல்லை, பால் பொங்க நேரமானாலும் பிரஷர் இல்லை. வீட்டுக்காரர் அப்படிச் சொல்லலாம், தப்பில்லை. வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பி, நீயும் அதையே நம்பி ரெகுலேட்டரை மாற்றக் கிளம்பினால்தான் வம்பு. நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் கிளம்பினேன். அம்மாபேட்டையில் ஒரு வீட்டில் ஒரே வாரத்தில் இரண்டு ரெகுலேட்டர் மாற்ற வைத்தேன். அந்தக் கதை கீழே வருகிறது.

எதற்கும் முன்னால், வாடை

வீட்டுக்குள் நுழையும்போதே கேஸ் வாடை தூக்கலாக அடித்தால் இந்தக் கட்டுரையை மூடிவிடு. சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடு, கதவு ஜன்னலைத் திற, ஆட்களை வெளியே அனுப்பு. எல்பிஜி காற்றைவிட ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு வரை கனம். மேலே போகாது. தரையோடு படிந்து, மேடைக்கடியில், வாசற்படி ஓரத்தில் தேங்கும். அதனால் ஜன்னலை மட்டும் திறந்தால் போதாது, தரையை ஒட்டிய வழியும் வேண்டும். கட்டுக்குள் வராவிட்டால் 1906, அது எல்பிஜி கசிவுக்கான அவசர எண். ஃபேனைப் போட்டு வாடையைத் துரத்தலாம் என்று வீட்டில் ஒருவர் கட்டாயம் சொல்வார். அவர் கையைப் பிடித்துக்கொள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. சிலிண்டர் தீரப் போகும் கடைசி இரண்டு மூன்று நாளில் அடுப்பு பற்ற வைக்கும்போது வாடை வழக்கத்தைவிடக் கூடுதலாக இருக்கும். வாடைக்காகக் கலக்கிற மெர்காப்டான் சுலபமாக ஆவியாகாது, அடியில் தங்கித் தங்கிக் கடைசியில் சேர்ந்து வரும். இருந்தாலும் சோப்பு நுரை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் "அது ஒன்றுமில்லை" என்று சொல்லவேண்டும்.

பலகை, குழாய், சொட்டு நீலம்

கேஸ் அழுத்தத்தை அளக்கக் கடையில் டிஜிட்டல் மேனோமீட்டர் கிடைக்கிறது. நான் இன்னும் பலகைதான் வைத்திருக்கிறேன். உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாயை யூ வடிவத்தில் வளைத்துப் பலகையில் அடித்து, நடுவில் ஸ்கேல் ஒட்டி, பாதி உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, பளிச்சென்று தெரிய ஒரு துளி சொட்டு நீலம். ஒரு முனை கேஸுக்கு, மறுமுனை காற்றுக்கு. பேட்டரி தீராது, பொய்யும் சொல்லாது.

நம் ஊர் வீட்டு ரெகுலேட்டர் வெளியே தரவேண்டிய அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 30 கிராம். ஒரு செ.மீ. உயரத் தண்ணீர் ஒரு சதுர செ.மீ. மேல் உட்கார்ந்தால் அதன் எடை ஒரு கிராம். ஆகவே 30 கிராம் என்றால் 30 செ.மீ. தண்ணீர், பெருக்கல் வகுத்தல் எதுவும் வேண்டாம். சிலிண்டருக்குள் இருப்பது கிலோ கணக்கு, அடுப்புக்கு வருவது கிராம் கணக்கு. நடுவில் நிற்கிற உள்ளங்கை அகல ரெகுலேட்டர்தான் கிலோவைக் கிராமாக்குகிறது.

புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் ஒரு தடவையாவது செய்கிற தப்பு இது. கேஸ் பக்கம் தண்ணீர் 15 செ.மீ. இறங்கியிருக்கும், காற்றுப் பக்கம் 15 செ.மீ. ஏறியிருக்கும். ஏறியதை மட்டும் படித்துவிட்டு "அண்ணா, பாதி பிரஷர்தான் வருது" என்பார்கள். இரண்டு மட்டத்துக்கும் நடுவிலுள்ள வித்தியாசம்தான் அளவு. 15-ம் 15-ம் 30.

இன்னொன்று. யூடியூபில் இங்கிலாந்து மெக்கானிக் வீடியோவைப் பார்த்துவிட்டு "21 மில்லிபார்தானே சரி?" என்று கேட்கிற தம்பிகள் இருக்கிறார்கள். அந்த 21 அவர்கள் வீட்டு மீட்டரில் வரும் இயற்கை எரிவாயுவுக்கு உரியது. நம் சிலிண்டரின் 30 கிராம் என்பது மில்லிபாரில் 29-க்குச் சற்று மேல். வாயு வேறு, எண் வேறு.

பலகையை எங்கே மாட்டுவது? ஹோஸுக்கும் அடுப்புக்கும் நடுவில் ஒரு டீ, அதாவது T வடிவ மூன்று வழி இணைப்பு, போட்டு, அதன் மூன்றாவது கையில். மாட்டியதும் இரண்டு அளவு எடு. எல்லாக் குமிழையும் மூடி, ரெகுலேட்டரைத் திறந்தால் தண்ணீர் ஏறி நிற்கும். இது நிற்கும் அழுத்தம். பிறகு எல்லாப் பர்னரையும் முழுசாகப் பற்ற வை. தண்ணீர் கொஞ்சம் இறங்கி நிற்கும். இது ஓடும் அழுத்தம். ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு வந்து என்னிடம் கேட்டால் நான் பதில் சொல்ல மாட்டேன். தெருக் குழாயை மூடி வைத்திருக்கும்போது லைனில் வேகம் இருக்கிற மாதிரிதான் தெரியும், திறந்து குடத்தை வைத்தால்தானே தண்ணீர் வருமா என்று தெரியும்?

அப்படியே மூன்றாவதாக ஒன்றும் பார்த்துவிடலாம். பர்னர்களை அணைத்து, ரெகுலேட்டரையும் மூடிவிட்டு, தண்ணீர் மட்டத்தை ஐந்து நிமிடம் கவனி. மெல்ல இறங்கினால் ரெகுலேட்டருக்குப் பின்னால் எங்கோ கசிகிறது.

"எல்லா அடுப்பும் சின்னதாத்தான் எரியுது"

இதுதான் உண்மையிலேயே பிரஷர் புகாராக இருக்கக்கூடிய ஒன்று. நிற்கும் அழுத்தமே 30-க்கு வரவில்லை என்றால் கோளாறு ரெகுலேட்டரிலோ அதற்கு முன்னாலோ. முதலில் சிலிண்டரை எடை போடு. காலி எடை மேல் வளையத்துத் தகட்டில் அடித்திருக்கும், நிறைந்தால் அதோடு 14.2 கிலோ கூடவேண்டும். எடை போட்ட கையோடு அந்தத் தகட்டில் உள்ள எழுத்தையும் பார்த்து வை. பி-27 என்று இருந்தால் 2027-ல் இரண்டாவது காலாண்டோடு, அதாவது ஜூனோடு, அடுத்த சோதனைக்கான கெடு முடிகிறது.

சிலிண்டரில் கேஸ் இருந்தும் அழுத்தம் வரவில்லையானால், ரெகுலேட்டர் வால்வில் முழுசாக உட்கார்ந்திருக்கிறதா பார். கழற்றி, மறுபடி அழுத்தி, 'டக்' என்று சத்தம் கேட்கிற வரை உட்கார வை. பாதிப் புகாருக்கு அங்கேயே விடை கிடைத்துவிடும். அடுத்தது ரெகுலேட்டரின் மேல்பக்கம் இருக்கிற மூச்சுத் துளை. உள்ளே ஒரு ரப்பர் சவ்வு மேலும் கீழும் ஆடித்தான் அழுத்தத்தைச் சரி செய்கிறது. அந்தச் சவ்வின் மேல்பக்கம் காற்று போய் வரவேண்டும். தாளிக்கிற எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் சேர்ந்து துளையை அடைத்துவிட்டால் சவ்வு ஆடாமல் முரண்டு பிடிக்கும். மேலே இருக்கும் பிசுக்கைத் துணியால் துடை, ஊசியை உள்ளே விடாதே, சவ்வு கிழிந்துவிடும். அதற்கும் சரியாகவில்லையா, கையில் உள்ள நல்ல ரெகுலேட்டர் ஒன்றை மாட்டிப் பார். அதில் 30 வந்தால் பழையது ஏஜென்சிக்குப் போகட்டும். ரெகுலேட்டரைத் திறந்து ஸ்பிரிங்கை இழுத்து விடுகிற கைராசிக்காரர்கள் ஊரில் இருக்கிறார்கள். அவர்களிடம் சிஷ்யனாகப் போய்விடாதே.

நிற்கும் அழுத்தம் நன்றாக இருக்கிறது, பற்ற வைத்ததும் விழுந்துவிடுகிறது என்றால் கதை வேறு. அம்மாபேட்டை வீடு இதுதான். சிலிண்டர் பின்கட்டில், அடுப்பு உள்ளே, நடுவில் காப்பர் குழாய். நான் இரண்டு தடவையும் மூடிய நிலையில் மட்டும் பார்த்தேன், 30-க்கு மேலேயே காட்டியது. "பிரஷர் இருக்குதுங்க்கா, ரெகுலேட்டர்தான் சரியா விட மாட்டேங்குது" என்று அர்த்தமில்லாத ஒரு விளக்கம் சொல்லி மாற்ற வைத்தேன். மூன்றாம் தடவை என்னோடு வந்த பெரியவர் எதையும் தொடவில்லை. டீயைப் போடச் சொன்னார், இரண்டு பர்னரையும் பற்ற வைத்தார், பலகையைப் பார்த்தார். 17. "குழாயைத் தடவிக்கிட்டே போ" என்றார். புது கிரானைட் மேடை போட்டபோது கல்லுக்கடியில் மாட்டி ஒரு இடத்தில் குழாய் தட்டையாக நசுங்கியிருந்தது. கையில் தட்டுப்பட்டதும் எனக்கு முகம் சுண்டிவிட்டது.

நசுங்கிய இடம் ஏன் மூடியிருக்கும்போது தெரியவில்லை? வாயு ஓடாதபோது இழப்பே கிடையாது. எவ்வளவு குறுகலான வழியாக இருந்தாலும் இரு பக்கமும் ஒரே அழுத்தம்தான். ஓட ஆரம்பித்தால்தான் தடை வேலை செய்யும். உள்விட்டம் பாதியானால் அதே ஓட்டத்துக்கு இழப்பு குறைந்தது 16 மடங்கு ஆகிவிடும். ஒரு பர்னருக்குத் தாங்கும் குழாய் இரண்டாவதைப் பற்ற வைத்ததும் படுத்துவிடுவதும் இதனால்தான். "ரெண்டு பத்த வச்சா ஒண்ணு அடங்கிடுது" என்று யாராவது சொன்னால் நேராகக் குழாயிலும் ஹோஸிலும் கை வை. மடங்கிய ஹோஸ், மேடை ஓட்டைக்குள் இறுகிக் கிடக்கும் ஹோஸ், உள்பக்கம் உரிந்து தோல் மடிந்த பழைய பச்சை ரப்பர் டியூப். ஆரஞ்சு நிறச் சுரக்ஷா ஹோஸில் உள்ளே கம்பிப் பின்னல் இருப்பதால் மடங்குவதும் எலி கடிப்பதும் குறைவு. ஆனாலும் 5 வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றவேண்டும், ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளம் கூடாது, சுவருக்குள் நுழைக்கக் கூடாது.

கண்ணை நம்பாதே என்பதற்கு ஒரு கணக்கு. ஜெட் (பர்னருக்குக் கேஸை விடுகிற, சின்னத் துளை உள்ள பித்தளை முனை) வழியாகப் போகும் வாயு அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் குறையும். அழுத்தம் சரிபாதியானாலும் தீ பாதியாகாது, சுமார் 70 சதவீதம் இருக்கும். 17-க்கு இறங்கிய அந்த வீட்டு அடுப்பில் முக்கால் வாசி தீ எரிந்துகொண்டுதான் இருந்தது. பார்த்தால் "கொஞ்சம் மட்டு" என்றுதான் தோன்றும்.

"ஒண்ணு மட்டும் எரிய மாட்டேங்குது"

இது பிரஷர் கிடையாது. பலகையை வண்டியிலேயே விட்டுவிடு. ஒரே ஹோஸில் வருகிற கேஸ் பக்கத்துப் பர்னரில் நன்றாக எரிகிறது என்றால் லைன் சரி. அந்தப் பர்னரின் ஜெட், குமிழுக்குள் கேஸைத் திறந்து மூடுகிற காக், கேஸும் காற்றும் கலக்கிற கலவைக் குழாய் இந்த மூன்றில் ஒன்று. பள்ளி விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்டு வந்த வீடுகளில் கலவைக் குழாய்க்குள் சிலந்தி வலை, குளவி மண் எல்லாம் எடுத்திருக்கிறேன். ஜெட்டை ஊசி விட்டுக் குத்தாதே. பித்தளை மெத்தென்று இருக்கும், இரும்பு ஊசி துளையைப் பெரிதாக்கிவிடும். துளையின் விட்டம் பத்தில் ஒரு பங்கு கூடினால் கேஸ் 21 சதவீதம் கூடும், அடுத்த மாதம் பாத்திரம் கரியாகிறது என்று அதே வீட்டிலிருந்து போன் வரும். மண்ணெண்ணெயில் ஊறவைத்து ஊது. போகவில்லையென்றால் அதே எண் ஜெட் வாங்கி மாட்டு.

"பாத்திரமெல்லாம் கரி புடிக்குது"

மஞ்சள் தீ என்றால் கேஸுக்கு ஏற்ற காற்று சேரவில்லை. பர்னர் தட்டு சரியாக உட்காராதது, துளைகளில் பொங்கி வழிந்த பால் காய்ந்து கிடப்பது, காற்று நுழையும் வழியில் இருக்கிற தகடு மூடிக்கிடப்பது, மேலே சொன்ன ஊசிக் கைங்கரியம். இதெல்லாம்தான் காரணம். வீட்டைக் கூட்டும்போதோ மாவு சலிக்கும்போதோ தீயில் ஆரஞ்சுப் பொட்டுகள் பறந்தால் அது தூசி, விட்டுவிடு. பாத்திரத்தில் கை வைத்தால் கரி ஒட்டுகிறதா என்பதுதான் பரீட்சை.

இந்தப் புகாரில் ரெகுலேட்டரை மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். பர்னரைக் கழுவிக் காயவைத்து மாட்டியிருந்தால் வீட்டுக்காரர் காசு மிச்சம்.

"புஸ்ஸுன்னு சத்தம் போட்டுத் தூக்குது"

தீ பர்னரை விட்டு மேலே எழும்பி அந்தரத்தில் ஆடினால், இரைச்சல் வந்தால், அழுத்தம் கூடியிருக்கிறது. குறைவைவிட இதுதான் ஆபத்து. பற்ற வைத்துக்கொண்டே ஆராய்ச்சி செய்யாதே. குமிழ்களை மூடி, ரெகுலேட்டரை மூடி, பிறகு பலகையை மாட்டு. நிற்கும் அழுத்தம் 30-ஐவிடக் கொஞ்சம் கூடுதலாக ஓரிடத்தில் நிற்பது இயல்பு, ரெகுலேட்டர் தன் வழியை இறுக மூடுவதற்கு அந்தக் கூடுதல் தேவை. நிற்காமல் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனால் உள்ளே வால்வு இருக்கையில் தூசியோ வெட்டோ இருக்கிறது, மூடவில்லை. விட்டால் சொட்டு நீலத் தண்ணீர் பீய்ச்சி உன் சட்டையில் அடிக்கும். அந்த ரெகுலேட்டரை உடனே கழற்று, சிலிண்டர் வாய்க்கு வெள்ளை மூடியைப் போடு, வேறு ரெகுலேட்டர் வருகிற வரை அந்த வீட்டில் அடுப்பு எரியக் கூடாது. சாயந்திரம் வரைக்கும் மட்டும் ஓட்டிக்கிறோம் என்பார்கள். கூடாது.

சேலத்துக்கே உரிய காரணம் ஒன்றும் இருக்கிறது. கொலுசுப் பட்டறை உள்ள ஊர் இது. வெள்ளி ஊதுகிற பர்னருக்கும், கல்யாண சமையல் பட்டி அடுப்புக்கும் போடுகிற ஹை பிரஷர் ரெகுலேட்டர் வேறு. குமிழைத் திருகினால் அழுத்தம் ஏறும், வீட்டு அடுப்பு தாங்கும் அளவைவிடப் பல மடங்கு. சிவதாபுரம் பக்கம் ஒரு வீட்டில், வீட்டு ரெகுலேட்டர் கெட்டுப்போக, பட்டறையில் சும்மா கிடந்ததை ஏதோ அடாப்டர் போட்டு அடுப்புக்கு மாட்டியிருந்தார்கள். "முன்னைக்கு இப்ப நல்லா எரியுது கண்ணு, ஆனா சத்தந்தான் கொஞ்சம்" என்றார் பாட்டி. அடுப்பின் காக், ஹோஸ் எல்லாம் 30 கிராமுக்குச் செய்தவை. நான் எதுவும் பேசாமல் கழற்றி என் பையில் போட்டுக்கொண்டேன். பாட்டி பேரன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

"தீ ஏறி ஏறி இறங்குது"

மூச்சு விடுவது போல் தீ துடித்தால், காப்பர் லைனில் தாழ்ந்த இடத்தில் தண்ணீரோ எண்ணெய்ப் பிசுக்கோ தேங்கியிருக்கலாம். பலகையிலும் தண்ணீர் அதே தாளத்தில் ஆடும். லைனின் தொய்வு எங்கே என்று பார்த்து அந்த இடத்தில் கழற்றி வடிக்கவேண்டும். லைன் இல்லாமல் நேர் ஹோஸ்தான் என்றால் ரெகுலேட்டர் சவ்வு மீது சந்தேகப்படு, மாற்று.

"மேலே குளிர்ல, காலையில மட்டும் நின்னுடுது"

இனி ஏற்காடு. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய்ப் பார்க்கிற புகார் என்பதால் போனிலேயே பாதியை விசாரித்துக்கொண்டு கிளம்புவது என் வழக்கம். ராத்திரி சரியாக இருந்ததா? மத்தியானம்? சிலிண்டர் புதுசா, தீரப் போவதா? கேஸ் கெய்சர் இருக்கிறதா?

கடைசிக் கேள்விதான் முக்கியம். நாகலூர் போகிற வழியில் ஒரு வீடு, மார்கழி. மூன்று பேர் அடுத்தடுத்துக் குளித்தால் மூன்றாவது ஆள் பாதியில் சோப்போடு நிற்கிறார், கெய்சர் அணைந்துவிடுகிறது, அடுப்பும் மினுக் மினுக்கென்கிறது. சிலிண்டரைத் தூக்கினால் கேஸ் சலசலக்கிறது. மத்தியானம் போய்ப் பார்த்தால் எல்லாம் சரி. ஏற்கெனவே ஒருவர் வந்து ரெகுலேட்டர் மாற்றிவிட்டுப் போயிருந்தார்.

சிலிண்டருக்குள் இருப்பது திரவம். அது ஆவியாகத்தான் அடுப்புக்கு வருகிறது. ஆவியாக வெப்பம் வேண்டும். ஒரு கிலோ ஆவியாகச் சுமார் 80 முதல் 90 கிலோகலோரி. அதை அது தன்னிடமிருந்தும், சிலிண்டர் இரும்பிலிருந்தும், சுற்றியுள்ள காற்றிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. பெரிய பர்னர் ஒன்று மணிக்குச் சுமார் 150 கிராம்தான் எரிக்கும், சிலிண்டர் அலட்டிக்கொள்ளாது. நிமிடத்துக்கு 6 லிட்டர் சுடுதண்ணீர் தரும் கெய்சர் ஒன்று சுமார் 12 கிலோவாட், அதற்கு மணிக்கு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகக் கேஸ் வேண்டும். ஆறு பெரிய பர்னரை ஒரே நேரத்தில் பற்ற வைத்த மாதிரி. சிலிண்டர் வேகமாகக் குளிர்கிறது, வெளியில் வேர்த்துக் கொட்டுகிறது.

நம் எல்பிஜி புரோப்பேனும் பியூட்டேனும் கலந்தது. புரோப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதிக்கும், சாதாரண பியூட்டேன் ஏறக்குறைய பூஜ்யத்தில். சிலிண்டர் புதுசாக இருக்கும்போது புரோப்பேன் முந்திக்கொண்டு வெளியேறும். தீரத் தீர, மிச்சத்தில் பியூட்டேன் பங்கு கூடிக்கொண்டே போகும். ஏற்காட்டில் மார்கழி விடியலில் 13 டிகிரி அளவுக்குக் குளிர், மேலே சொன்ன மாதிரி கெய்சர் இழுத்து இன்னும் பத்து டிகிரி இறக்கினால், பியூட்டேன் ஆவியாகவே தயங்குகிற இடத்துக்கு வந்துவிடும். உள்ளே அழுத்தம் விழும், ரெகுலேட்டருக்கு உள்ளேயே போதுமானது வராது. அது 30 தருவதற்கு எங்கே போகும்? திரவம் குறைந்திருப்பதால் வெப்பம் வாங்கும் ஈரப்பரப்பும் குறைவு. அப்புறம் வெயில் ஏறியதும் தானே சரியாகிவிடும். சேலத்தில் இதே சிலிண்டர், இதே கெய்சர், ஒரு புகாரும் வராது. மலை ஏறிப் போய் மத்தியானம் அளந்தால் எதுவும் அகப்படாது. விடியலில், கெய்சர் ஓடிக்கொண்டிருக்கும்போது பலகையை மாட்டினேன். முதல் ஆள் குளிக்கும்போது 28, இரண்டாம் ஆளுக்கு 24, மூன்றாவது ஆள் உள்ளே போனதும் 11. சிலிண்டரைத் தொட்டால் ஐஸ்.

என்ன செய்வது? கெய்சருக்கும் அடுப்புக்கும் தனித்தனி சிலிண்டர், சிலிண்டர் காற்றோட்டமான, வெயில் லேசாகப் படும் இடத்தில், குளிப்பவர்களுக்கு நடுவில் கொஞ்சம் இடைவெளி. செய்யக் கூடாதவை மூன்று: சுடுதண்ணீர்த் தொட்டியில் சிலிண்டரை இறக்குவது, பக்கத்தில் கரி அடுப்பு வைப்பது, "மிச்சம் இருக்கிறது" என்று சிலிண்டரைப் படுக்கப் போடுவது. படுத்தால் ஆவிக்குப் பதில் திரவமே ரெகுலேட்டருக்குப் போகும். திரவம் ஆவியானால் சுமார் 250 மடங்கு விரியும். தீ எங்கே பாயும் என்று யாரும் சொல்ல முடியாது.

அந்த வீட்டில் நான் அழுத்தத்தைவிட அதிகம் பேசியது கெய்சர் மாட்டியிருந்த இடத்தைப் பற்றி. குளியலறைக்கு உள்ளேயே, குளிருக்குப் பயந்து ஜன்னலையும் அடைத்து வைத்திருந்தார்கள். மூடிய அறைக்குள் எரிகிற கேஸ் கார்பன் மோனாக்சைடைத் தரும், அதற்கு வாடையும் கிடையாது, நிறமும் கிடையாது. கெய்சர் வெளியே போனால்தான் லைனைத் தொடுவேன் என்று சொல்லிவிட்டேன். வெளியே போட்டார்கள்.

குழாய் கேஸ் வந்த வீடு

பைப் மூலம் இயற்கை எரிவாயு இணைப்பு வாங்கிய வீட்டில் பலகையில் எதிர்பார்க்க வேண்டியது 30 இல்லை, 21 மில்லிபார், தண்ணீரில் சுமார் 21 செ.மீ. தெருவில் பிளாஸ்டிக் குழாயில் 4 பார் அளவில் வருவதை இரண்டு கட்டமாகக் குறைத்து மீட்டருக்குத் தருகிறார்கள். மீட்டரையும் அதற்கு முன்னால் தெருப் பக்கம் உள்ள எதையும் நீ தொடக் கூடாது, அது கம்பெனி ஆள் வேலை. உன் வேலை அடுப்புப் பக்கம். சிலிண்டர் அடுப்பையே ஜெட் மாற்றாமல் குழாயில் மாட்டினால் தீ நோஞ்சானாக இருக்கும். ஒரே அளவு எல்பிஜி ஆவியில் உள்ள வெப்பம் இயற்கை எரிவாயுவில் இருப்பதைப் போல் இரண்டரை மடங்குக்கு மேல், அதனால் குழாய் கேஸுக்குத் துளை பெரிதாக வேண்டும். மாறாக, குழாய்க்கு மாற்றிய அடுப்பைக் கிராமத்து அம்மா வீட்டுக்குக் கொடுத்து அங்கே சிலிண்டரில் மாட்டினால் மஞ்சளாகக் கொழுந்துவிட்டுப் பாத்திரத்தை விழுங்கும். அப்போதும் அவர்கள் சொல்லப்போவது "பிரஷர் சரியில்லை" என்றுதான்.

"எல்லாம் சரியா இருக்குதுங்கறீங்க, ஆனா சோறு வேகலையே"

மஞ்சக்குட்டைப் பக்கம் ஒரு வீடு. தாரமங்கலத்திலிருந்து மகன் வேலைக்காக மேலே குடிவந்த அம்மா. கீழே அரை மணியில் ஆகிற பருப்பு இங்கே முக்கால் மணி. அடுப்பு புதுசு, சிலிண்டர் புதுசு, நிற்பது 32, ஓடுவது 29. தீ நீலம். கரி இல்லை. என்னோடு வந்த தம்பி ரெகுலேட்டரை ஒரு பார்வை பார்த்தான், நான் அவனை ஒரு பார்வை பார்த்தேன்.

ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர். அங்கே காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். சேலத்தில் 99-ஐத் தொட்டுக்கொண்டு கொதிக்கும். தீயை எவ்வளவு கூட்டினாலும் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 95-ஐத் தாண்டாது, வேகமாக ஆவியாகும், அவ்வளவுதான். அந்த நாலு டிகிரி பருப்புக்குப் பெரிய விஷயம். இன்னொரு சின்னக் கழிவும் உண்டு. காற்று மெலிந்திருப்பதைப் போலவே ஜெட்டில் போகிற கேஸும் மெலிந்திருக்கும், பலகையில் அதே 29 காட்டினாலும் எடைக் கணக்கில் கேஸ் சுமார் 7 சதவீதம் குறைவாகத்தான் போகும். பலகை காட்டுவது வெளிக் காற்றைவிட எவ்வளவு கூடுதல் என்பதைத்தானே, காற்று எவ்வளவு கனம் என்பதை இல்லையே. இதற்கு ரெகுலேட்டரில் மருந்து இல்லை.

"குக்கர்ல வைங்கம்மா, ஒரு விசில் கூட விடுங்க" என்றேன். குக்கர் வைத்தால் ருசி போய்விடும் என்றார். கீழே தாரமங்கலத்தில் குக்கரில் வைத்தால் போகலாம், இங்கே இதுதான் வழி என்றேன். நான் பலகையைக் கழற்றி வைப்பதையே பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்டார்:

"இவ்வளவு தூரம் மலையேறி வந்து, பச்சத் தண்ணிய நீலம் போட்டு அளந்து, குக்கர் வாங்கச் சொல்லிட்டுப் போறியே சாமி, இதுக்கு எவ்வளவு?"

டீசல் காசு மட்டும் வாங்கிக்கொண்டேன். வேலைச் சீட்டில் தம்பி எழுதியது: நிற்பது 32, ஓடுவது 29, கசிவு இல்லை, மாற்றியது எதுவும் இல்லை.